மாமியாருக்கு நாலு உதை

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் விட்டதால்தான் இவ்வளவு கூத்தும் நடந்தது. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற ஒரு சலவைக்கூடத்தில் ஒரு பெரிய இஸ்திரி மெஷின் இருக்கிறது. ஒரு லாரி நீளம் இருக்கும். இந்தப் பக்கம் இரண்டு பேர் நின்று ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உருளைக்குள் ஊட்ட வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர், காய்ந்து மொறமொறவென்று வருவதை வாங்கி மடிக்க வேண்டும். அங்கே வேலை செய்கிற பெண்கள் அதற்கு வைத்த பெயர் மாமியார். எந்நேரமும் கொதிப்பு, எந்நேரமும் இரைச்சல், கொஞ்சம் அசந்தால் கையைச் சுட்டுவிடும். யார் வைத்தார்களோ தெரியாது, ஒட்டிக்கொண்டது. புதிதாகச் சேர்கிறவளிடம் மேற்பார்வையாளரே, "நீ இன்னிக்கு மாமியார்கிட்ட நில்லு" என்றுதான் சொல்வார்.

நம் ஆள் ஒன்பது வருடமாக அந்த மாமியாரிடம் நிற்கிறவள். வீட்டில் அவளுக்கு நிஜ மாமியார் ஒருவரும் உண்டு. அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அதனால் நானும் வீட்டில் இருப்பவரை அத்தை என்றும், கூடத்தில் இருப்பதை மாமியார் என்றும், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவளை மருமகள் என்றும் சொல்லிவிடுகிறேன். குழப்பமே வேண்டாம். இன்றைக்கு அந்த வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள், அதனால் நீங்களும் பயப்படாமல் கேட்கலாம். அன்றைக்கு மட்டும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கூடத்துக்குப் போகும் வழியில், பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை. இரண்டு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆள். அந்த ஆள் ஒரு பத்திரிகையும் நடத்தினார். முந்நூறு பிரதிகள், நடுவில் இரண்டு பின். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று அட்டையில் போட்டிருக்கும், வரும்போது வரும். பின்னட்டையில் எப்போதும் ஒரே அறிவிப்பு: "நீங்கள் செய்யும் வேலையை எழுதி அனுப்புங்கள். எழுத வராதே என்று தயங்க வேண்டாம். பிழை இருந்தால் அது எங்கள் பாடு."

ஒருநாள் ஏதோ சான்றிதழை நகல் எடுக்கப் போன இடத்தில், மெஷின் சூடாகும்வரை மருமகள் அந்தப் பத்திரிகையைப் புரட்டினாள். பாட்டில் கழுவுகிற ஒருத்தி எழுதிய கதை. நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய விரல்களால் வீட்டுக்குப் போய் மகளுக்குத் தலை பின்ன முடியவில்லை, முடி வழுக்கிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான் கதை. மருமகள் நின்றபடியே முழுவதையும் படித்தாள். அவள் பேருந்து வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

"இதையெல்லாமா கதைன்னு போடுவாங்க?" என்று கேட்டாள்.

"இதைத்தாங்க போடறோம். மத்ததைப் போடத்தான் நிறைய பேர் இருக்காங்களே" என்றார் ஜெராக்ஸ்காரர். பிறகு பத்திரிகையை நீட்டிக்கொண்டிருந்த அவள் கையைப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே பட்டையாக ஒரு தழும்பு. "இது என்னங்க?"

"அதுவா, மாமியார் சுட்டது" என்றாள் மருமகள், மழை பெய்தது என்பதுபோல.

ஜெராக்ஸ்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. பண்பான மனுஷர், அதுதான் தொல்லை. பத்திரிகையை அவள் பைக்குள் அவரே வைத்து, "எழுதுங்க. பயப்படாம எழுதுங்க. நாங்க இருக்கோம்" என்றார். நகலுக்குக் காசும் வாங்க மறுத்துவிட்டார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தரா என்று நினைத்துக்கொண்டே அவள் வேலைக்கு ஓடினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. விரிப்பை ஊட்டும்போது வரி வரியாக மனசில் ஓடும். நாலு மணிக்கு வீடு திரும்பினால் அந்த வரிகளெல்லாம் பாத்திரம் கழுவுகிற தண்ணீரோடு போய்விடும். அத்தை இதைக் கவனித்துவிட்டார். அத்தைக்கு அறுபதைத் தொடுகிற வயது. ஒரு தையற்கடைக்கு வீட்டிலிருந்தே பொத்தான் தைத்துக் கொடுப்பவர். வாயில் நூலைக் கடித்தபடியே ஊரையே விசாரித்துவிடுவார்.

"என்னம்மா, ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்ல அத்தே. ஒரு கதை எழுதணும்னு..."

"கதையா? நீயா?" அத்தை நூலை அறுத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "எழுதேன், யாரு வேணாம்னா? அந்த ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கோ. அடுப்பை நான் பாத்துக்கறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. மூன்று வாரம் சாயங்காலமானால் அறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காவல் இருந்தார். வேன் ஓட்டிவிட்டுக் களைத்து வருகிற சொந்த மகனையே, "சத்தம் போடாதடா, உள்ள எழுதிட்டிருக்கா" என்று விரட்டினார். அவன் தன் சட்டையை எடுக்கக்கூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. என்ன கதை என்று அத்தை கேட்டபோதெல்லாம் மருமகள், "அச்சுல வந்ததும் படிங்க அத்தே, இப்ப சொன்னா ருசி போயிடும்" என்றாள். இன்னொன்றும் உண்டு. கூடத்தில் அந்த மெஷினுக்கு என்ன பெயர் என்பதை அவள் வீட்டில் சொன்னதே கிடையாது. எப்படிச் சொல்வாள்? வீட்டில் அது வெறும் மெஷின்தான்.

கூடத்தில் பழைய எண்ணிக்கைத் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. எந்த ஆஸ்பத்திரியிலிருந்து எத்தனை விரிப்பு வந்தது என்று குறிக்கிற அச்சிட்ட படிவங்கள். படிவம் மாறிவிட்டதால் யாருக்கும் வேண்டாதவை. அவற்றின் வெற்றுப் பின்பக்கங்களில்தான் கதையை எழுதினாள். பதினோரு தாள். எழுதி முடித்த பிறகு முதல் பத்தி பிடிக்காமல் அதை மட்டும் கூடத்தில் வைத்துத் திரும்ப எழுதினாள். அப்போது கைக்கு அகப்பட்டது, முன்பக்கத்தில் ஏற்கெனவே அவள் கையெழுத்தில் எண்ணிக்கை நிரப்பியிருந்த ஒரு தாள். அதனால் என்ன, பின்பக்கம் சுத்தமாகத்தானே இருக்கிறது. சங்கு ஊதப் போகிற அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து டக்கென்று ஒரு பின் அடித்தாள். அந்த முதல் தாள் மட்டும் திரும்பி உட்கார்ந்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை. தலைப்பையும் முகவரியையும் தனித் துண்டில் எழுதி, கடையில் கொடுத்துவிட்டுப் பேருந்தைப் பிடித்தாள்.

ஒன்றரை மாதம் கழித்துத் தபாலில் இரண்டு பிரதிகள் வந்தன. மருமகள் அப்போது வேலையில் இருந்தாள். உறையைப் பிரித்தவர் அத்தை. மருமகளின் பெயர் அச்சில்! ஆகா, அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. தாழ்வாரத்தில் அக்கம்பக்கத்து எட்டு வீட்டுக்காரிகளையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "என் மருமக எழுதினது. தலைப்பு, மாமியார்" என்று கூச்சமும் பெருமையுமாகச் சொல்லிவிட்டுச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.

"விரிப்பு நூற்று நாற்பது. தலையணை உறை இருநூற்று எண்பது. கறை போகாதது பதினேழு. கிழிந்தது ஆறு. காணவில்லை ஒன்று."

என்ன இது என்று எல்லாரும் பார்த்தார்கள். அத்தை மேலே போனார்.

"மாமியாருக்கு வயசாகிவிட்டது. காலையில் காலால் நாலு உதை விட்டால்தான் அசைவாள். இரைச்சல் என்றால் அப்படி ஓர் இரைச்சல். வாயில் ஈரத்துணியைத் திணித்தால்தான் கொஞ்சம் அடங்கும். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு..."

அத்தை அங்கேயே நிறுத்திவிட்டார். முதல் பக்கத்தின் அடியில் ஆசிரியர் குறிப்பு வேறு. அதை மூன்றாம் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துப் படித்தாள்: "மாமியார் சுட்ட கையால் எழுதப்பட்ட கதை இது. பழிவாங்குவதை இவ்வளவு நேர்மையாக யாரும் எழுதியதில்லை. அந்தக் காணாமல் போன ஒன்று, மருமகள்தான்." ஒருத்தி அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்தாள். மற்ற ஏழு பேருக்கும் அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

மருமகள் வீட்டுக்கு வந்தபோது மேஜைமேல் பத்திரிகை விரித்துக் கிடந்தது. அத்தை சுவர் பக்கம் திரும்பி, ஊசியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"வந்துடுச்சா! படிச்சீங்களா அத்தே?"

"படிச்சேன். எட்டு வீட்டுக்கும் படிச்சுக் காட்டினேன்." அத்தை திரும்பவில்லை. "நான் உன்னை எப்பம்மா சுட்டேன்?"

மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அதுவும் தப்பாகப் போயிற்று. "ஐயோ அத்தே, அது மெஷின்! எங்க இஸ்திரி மெஷினுக்கு அங்க மாமியார்னு பேரு. ஆரம்பத்துலயே எழுதியிருக்கேனே, பாருங்க..." என்று பத்திரிகையை எடுத்துக் காட்டப் போனாள். விரிப்பு நூற்று நாற்பது. தலையணை உறை இருநூற்று எண்பது. அவள் எழுதிய முதல் பத்தியைக் காணோம். முன்னும் பின்னும் புரட்டினாள், அட்டையைக்கூடத் திருப்பிப் பார்த்தாள். எங்கேயும் இல்லை.

"மெஷினாம். மெஷினுக்கு வயசாகுமா? மெஷின் 'அசைவாள்'னு எழுதுவாங்களா?" அத்தையின் குரல் உடைந்தது. "வாசல்ல நாற்காலி போட்டுக் காவல் இருந்தேனே, எதுக்கு? உள்ள உக்காந்து நீ இதைத்தான் எழுதினியா?"

அந்த நேரம் பார்த்து மகன் வந்தான். பாதியைக் கேட்டுவிட்டு, "விடும்மா, அவ உன்னை உதைச்சிருந்தா எனக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று சமாதானம் சொன்னான். இந்த மாதிரிச் சமாதானத்துக்கு அவன் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம். அத்தை எழுந்து போய்த் துணிகளை ஒரு பைக்குள் வைக்க ஆரம்பித்தார். காலையில் மகள் வீட்டுக்குப் போவதாகவும், இனி அங்கேயே இருந்துவிடப் போவதாகவும் சொன்னார். மகன் கெஞ்சினான். மருமகள் அழுதாள். பெற்ற தாய் இல்லாதவள் அவள். பத்து வருடத்தில் அத்தையிடம் ஒரு முகச்சுளிப்பைக்கூட வாங்கியதில்லை. எழுதியது போதும், இனி இந்தக் கை பேனாவைத் தொட்டால் கேள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை, கடை திறக்கும்போதே அவள் போய் நின்றாள். ஜெராக்ஸ்காரர் அவளைக் கண்டதும் இரண்டு கைகளையும் விரித்தார்.

"வாங்க வாங்க! அந்த ஆரம்பம் இருக்கே, அந்தப் பட்டியல்! எப்படிங்க தோணுச்சு? 'காணவில்லை ஒன்று'. மூணு பேர் கடிதம் போட்டிருக்காங்க, அந்த ஒண்ணைப் பத்தி மட்டும்!"

"காணாம போனது தலையணை உறைங்க. அஞ்சாம் நம்பர் வார்டு" என்றாள் அவள். "என் தாளை எடுங்க."

அவர் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் முதல் தாளைத் திருப்பிக் காட்டினாள். அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப அந்தத் தழும்பு?"

"மாமியார் சுட்டதுதான். இந்த மாமியார்."

"ஐயையோ." அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் உங்க கையைப் பாத்துட்டு ரெண்டு நாள் சரியா சாப்பிடலீங்க. குறிப்பு வேற எழுதித் தொலைச்சேனே! பிழை எங்க பாடுன்னு நாங்களே போட்டுக்கிட்டு... நான் வர்றேன். உங்க அத்தை கால்ல விழறேன். அடுத்த இதழ்ல முழுப் பக்கம் திருத்தம் போடறேன்."

"திருத்தத்தை எங்க அத்தை மக வீட்டுல உக்காந்தா படிப்பாங்க? எனக்கு அந்தத் தாளை மட்டும் குடுங்க." கதவருகே போனவள் திரும்பி, "இனிமே நான் எழுதல. வேற யாராவது எழுதுவாங்க" என்றாள்.

அவர் முகம் விழுந்துவிட்டது. அவளுக்கும்தான் விழுந்தது. விடுப்புக் கேட்டால் கிடைக்காது, அதனால் தாளை மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே வேலைக்குப் போனாள்.

அத்தை பத்து மணிக்கு வீட்டைப் பூட்டினார். வீட்டுச் சாவி அவரிடம். அதைக் கொடுக்காமல் போக மனசு இடம் கொடுக்கவில்லை. கோபம் வேறு, சாவி வேறு. ஆகவே துணிப்பையோடு சலவைக்கூடத்து வாசலுக்கு வந்தார். அங்கே ஒரு காவலாளி நின்றிருந்தார்.

"யாரும்மா வேணும்?"

"மருமகளைப் பாக்கணும். மாமியார் வந்திருக்கேன்னு சொல்லுங்க."

காவலாளி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சார், மாமியார் வந்திருக்காம்!"

"என்னய்யா உளர்றே?" உள்ளேயிருந்து மேற்பார்வையாளர் கத்தினார். "மாமியார் எப்படி அங்க வரும்? இங்க வாயில துணி சிக்கி மூச்சு விடாம கிடக்கு. வயித்தைத் திறந்து போட்டுட்டு ஃபிட்டர் உக்காந்திருக்கார்!"

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டார். காவலாளிக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அம்மா, பயந்துடாதீங்க. இங்க எங்க மெஷினுக்கு அதாங்க பேரு. நீங்க உள்ள வந்து பாருங்க."

உள்ளே வந்த அத்தையைக் கண்டு மருமகள் கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டாள். அத்தை அவளைப் பார்க்கவில்லை. நீளமாக, தகரமும் உருளையுமாக, நடுவில் மூடி திறந்து கிடந்த மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பக்கவாட்டில் யாரோ சிவப்பு மையில் பொட்டு வரைந்து, கீழே "மாமியார்" என்றே எழுதியிருந்தார்கள்.

"இதுவா?" என்றார் அத்தை.

"இதேதாம்மா. எங்க எல்லாருக்கும் இவதான் மாமியார்." சொன்னவள் நெட்டை. மருமகளோடு மறுமுனையைப் பிடிக்கிறவள், ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு. "ஒரு நாள் உதைக்காட்டி ஓடமாட்டா."

ஃபிட்டர் மூடியை மாட்டி முடித்திருந்தார். "இப்ப உதைங்க" என்றார். நெட்டை அடிப்பலகையில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு விட்டாள். உள்ளே எங்கோ ஒரு முனகல் கேட்டது. பிறகு மெஷின் பெரிதாகப் பெருமூச்சு விட்டுச் சுழல ஆரம்பித்தது.

அத்தை அசையாமல் நின்றார். அத்தையின் வாயோரம் துடித்தது, அழுகை என்றுதான் மருமகள் நினைத்தாள். வந்தது சிரிப்பு. அதுவும் அடக்க அடக்க அடங்காத சிரிப்பு, துணிப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அடிப் பாவி! எட்டு வீட்டுக்காரியும் எனக்கு மருந்து தடவ வந்தாளுங்கடி நேத்து!" மருமகள் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேற்று சாயங்காலத்திலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, எது எது என்று அவளுக்கே தெரியவில்லை.

மெஷின் சூடேற இருபது நிமிடம் ஆகும். அதுவரைக்கும் யாருக்கும் வேலை கிடையாது. மேற்பார்வையாளர் அத்தைக்கு ஒரு நாற்காலி போட்டு டீயும் வரவழைத்தார். மருமகள் மேலங்கிப் பையிலிருந்து அந்த முதல் தாளை எடுத்துப் படித்துக் காட்டினாள்.

"எங்கள் கூடத்தில் ஒரு மெஷின் இருக்கிறது. அதற்கு மாமியார் என்று பெயர். இதைப் படிக்கும் என் அத்தை என்னை மன்னிக்க வேண்டும். அவர் வேறு, இது வேறு. அவர் ஒரு நாளும் என்னைச் சுட்டதில்லை."

"இதைப் போய் விட்டுட்டாங்களே, படுபாவிங்க" என்றார் அத்தை, டீயை ஊதிக்கொண்டே. முகம் தெளிந்துவிட்டது.

"இருங்க, எங்களப் பத்தி என்ன எழுதியிருக்கான்னு பாப்போம்" என்று நெட்டை அத்தையின் பையிலிருந்து எட்டிப் பார்த்த பத்திரிகையைப் பிடுங்கினாள். அத்தை முதல் பக்கத்தோடு நிறுத்திய கதையை அவள் ஏற்ற இறக்கத்தோடு கடைசிவரை படித்தாள். தன்னைப் பற்றி வந்த இடத்தை இரண்டு தடவை படித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். கடைசிப் பக்கம் வந்தது.

"ஒருமுறை மாமியார் மூன்று நாள் படுத்துவிட்டாள். அந்த மூன்று நாளும் எனக்குக் கை ஓடவில்லை. எதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அந்தச் சத்தம் இல்லாத இடத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன்? நாலாம் நாள் எழுந்தாள். எழுந்ததுமே, என்ன எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறது என்று இரைந்தாள். அவள்மேல் கை வைத்துப் பார்த்தேன். இதமான சூடு. அப்பாடா என்று யாருக்கும் தெரியாமல் அழுதேன்."

நெட்டை பத்திரிகையை இறக்கினாள். "நீ அழுதியா? மெஷின் நின்னா நாம டீ குடிக்கல்ல போவோம்?"

ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரும்மா இதை எழுதினது? மூணு நாளா? பதினாலு வருஷமா இதை நான்தான் பாக்கறேன். அரை நாளுக்கு மேல இது நின்னதே கிடையாது. மூணு நாள் நின்னுச்சுன்னு அச்சுல போட்டா என் பேரு என்ன ஆகும்?"

"கதைதானே, விடுங்கண்ணே" என்றாள் மருமகள். குனிந்த தலை நிமிரவில்லை.

"கதைன்னா? நடக்காததை..."

"மூணு நாள்தான்" என்றார் அத்தை.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அத்தை டீ டம்ளரை நாற்காலிக்குப் பக்கத்தில் கீழே வைத்தார். "போன வருஷம் எனக்கு வயித்துல ஆபரேஷன். மூணு நாள் ஆஸ்பத்திரி. நாலாம் நாள் வீட்டுக்கு வந்ததும் திட்டினேன். அடுப்படி கிடந்த கிடப்பைப் பாத்துட்டு."

மெஷின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. ஃபிட்டர் தன் சாமான்களை எடுத்துப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா," என்றார் அத்தை, மெதுவாக. "நீ அழுதியா? உன் முகத்துல அன்னிக்கு ஒண்ணுமே தெரியலையே."

"பாத்ரூம்ல போய் அழுதேன் அத்தே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல." மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மெஷினைப் பத்தி எழுதிட்டே வந்தேன். அங்க வந்ததும் தானா உங்களப் பத்தி வந்துடுச்சு."

அத்தை எழுந்து வந்து, தரையில் உட்கார்ந்திருந்தவளின் தலைமேல் கையை வைத்தார். "எனக்கு நேத்து எது வலிச்சுதுன்னு தெரியுமா? உதைச்சேன்னு நீ எழுதினது இல்ல. படிக்கப் படிக்க, அட, நாம அப்படித்தான் சத்தம் போடறோமோ, இவ சொல்றது நிஜம்தானோன்னு எனக்கே தோணிடுச்சு. அவ்வளவு நல்லா எழுதியிருந்தே."

மணி அடித்தது. உருளை சூடேறிவிட்டது. நெட்டை விரிப்பின் ஒரு முனையை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். மருமகள் எழுந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"நான் கிளம்பறேன்" என்றார் அத்தை.

மருமகள் சட்டென்று திரும்பினாள். "எங்க அத்தே?"

"வீட்டுக்குத்தான். வேற எங்க? அடுப்புல ஒண்ணும் வைக்காம வந்திருக்கேன்." துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு அடி நடந்தவர் நின்றார். இரைச்சலுக்கு மேலே கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னார்: "அடுத்த கதையில என்னைப் பத்தி எழுதறதா இருந்தா என் பேரைப் போட்டே எழுது. நல்லதோ கெட்டதோ, இந்த மெஷின் எல்லாம் நடுவுல வேணாம்."

மருமகள் விரிப்பை உருளைக்குள் ஊட்டினாள். அந்தப் பக்கம் அது சுருக்கமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அடுத்த கதையின் முதல் வரி அவளுக்கு அப்போதே வந்துவிட்டது. அத்தையின் பெயரில்தான் ஆரம்பித்தது.